ஆகவில்லை

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு, ஓசூர் கிறிஸ்தவக் கோவிலை ஒட்டிய சின்ன மண்டபத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால், நடுவில், கை வைத்த நாற்காலியில் பாஸ்டர் சுரேந்தர். அவருக்கு வலப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, சபைக் கமிட்டிச் செயலாளர் தினேஷ்குமார். மடியில் ஒரு நீல ஃபைல். இடப்பக்கம் தேர்வு வைக்க பெங்களூரிலிருந்து வந்த இறையியல் பேராசிரியர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்மேல் கால் போட்டிருந்தார். மாதர் சங்கத் தலைவி சாந்தம்மா சுவரோரம் பெஞ்சில், கைப்பையை அணைத்தபடி, கமிட்டியில் சேர்த்தியா இல்லையா என்று தெரியாத தூரத்தில். ஐந்தாவது ஆள் மாதேஸ்வரி. அவளுக்குப் போட்டிருந்தது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உட்காரும் குட்டை பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று மனசுக்குள் குறித்துக்கொள்வது அவளுடைய வழக்கம். கார்களுக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் பதினாலு வருஷமாக வேலை. ஷிஃப்ட் மாறும்போது எந்த மேசையில் யார் என்று நோட்டில் எழுதி வைப்பது அவள் பொறுப்பு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் அந்த வேலையைத் தந்தார்கள். அதற்காக கான்ட்ராக்டிலிருந்து பர்மனென்ட் ஆக்கவில்லை.

பிறந்தது பாரூர்ப் பக்கம். ஏரித் தண்ணீர் பாய்கிற வயலெல்லாம் ஊரார் வயல்; நாற்று நட்ட கைகள் மட்டும் இவள் வீட்டார் கைகள். ஓசூருக்கு வந்து மூன்றாம் வருஷம், மத்திகிரி லைன் வீடுகளில் நடந்த ஜெபக்கூட்டத்தில் போய் உட்கார்ந்தாள். ஞானஸ்நானம் எடுத்தாள். பிறகு தபாலில் இறையியல் படிக்க ஆரம்பித்தாள். ஆறு வருஷம், இருபத்துநாலு புத்தகம். பதினெட்டாவது புத்தகம் கிறிஸ்தியல். இயேசு யார், கடவுளா மனிதனா, இரண்டும் என்றால் எப்படி இரண்டும் என்பதுதான் அதன் சங்கதி. மற்றப் புத்தகங்களைப் படித்தாள்; அதை மட்டும் மூன்று தடவை முதலிலிருந்து கடைசிவரை கையால் எழுதிப் பார்த்தாள். கடவுள் கீழே வந்ததில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. ஊர்த் தெய்வங்களும் வரும், சாமியாடி மேல் இறங்கும், கொஞ்ச நேரத்தில் மலையேறிவிடும். இவர் மலையேறவில்லை. எடுத்த மனுஷத் தன்மையைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை, இன்றுவரைக்கும் மனுஷன்தான் என்று எழுதியிருந்த பக்கத்தில் அவள் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள்.

எழுத்துத் தேர்வெல்லாம் முடிந்துவிட்டது. இன்றைய வாய்மொழித் தேர்வில் தேறினால் உபதேசியார் லைசென்ஸ். சம்பளம் கிடையாது, மரியாதை கொஞ்சம்போல. ஆனால் லைசென்ஸ் உள்ளவர் அடக்க ஆராதனை நடத்தலாம். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

போன ஜூலையில் சென்னம்மா செத்துப் போனாள். ஆனேக்கல் பக்கத்துப் பெண், இவளுக்கு அடுத்த மேசை. காய்ச்சல் மூன்றே நாளில் கொண்டுபோய்விட்டது. பாஸ்டர் அன்று கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். “லைசென்ஸ் இல்லாதவங்க யாரும் ஆராதனை நடத்தக் கூடாது. நான் வந்துடறேன்” என்று போனில் சொன்னார். மழை பிடித்துக்கொண்டது. நாலு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று. குழியில் தண்ணீர் ஊறுகிறது என்றார்கள் வெட்டினவர்கள். கடைசியில் ஒரு வார்த்தை இல்லாமல் மண்ணைத் தள்ளினார்கள். என் மகளுக்கு ஒண்ணுமே சொல்ல மாட்டீங்களா என்று சென்னம்மாவின் அம்மா கன்னடத்தில் கேட்டாள். மாதேஸ்வரியின் கையில் ஆராதனைப் புத்தகம் பாலிதீன் கவரில் இருந்தது. சட்டம் சட்டம்தான் என்று அவள் அதைத் திறக்கவில்லை. நாய் செத்தால்கூட அய்யோ பாவம் என்று நாலு பேர் சொல்லுவார்கள்.

பேராசிரியர்தான் ஆரம்பித்தார்.

“ஏம்மா, இயேசுவுக்குப் பசிச்சதே, அது யாருக்குப் பசிச்சது? கடவுளுக்கா, மனுஷனுக்கா?”

“அவருக்குப் பசிச்சது சார்.”

“அதான், எந்த அவருக்கு?”

“இருக்கறதே ஒருத்தர்தானே சார். கடவுளுக்கு ஒரு வயிறு, மனுஷனுக்கு ஒரு வயிறுன்னு ரெண்டு இல்லையே. பசி வந்தது மனுஷத் தன்மையில. பசிச்ச ஆளு கடவுளு.”

பேராசிரியர் காலைக் கீழே இறக்கி வைத்தார். “நம்ம பசங்க மூணு வருஷம் ஹாஸ்டல்ல தின்னுட்டு, பரீட்சையில ரெண்டு வயிறு வரைஞ்சு வெச்சுட்டுப் போறானுங்க” என்று பாஸ்டரிடம் சொல்லிச் சிரித்தார். அப்புறம் கேட்டதெல்லாம் கேள்வி மாதிரியே இல்லை. சினேகிதரோடு பேசுவது போலக் கேட்டார். அவளும் அப்படியே சொன்னாள். இருபது நிமிஷத்தில் அவர் பேனாவை மூடி, “எனக்குப் போதும்” என்றார்.

“எனக்குக் கொஞ்சம் இருக்குது சார்” என்றார் தினேஷ்குமார்.

ஃபைலைத் திறக்கவில்லை. செல்போனை எடுத்து மேசைமேல் நிறுத்திவைத்தார். மத்திகிரி ஜெபக்கூட்டத்தில் யாரோ பிடித்து, யாரோ அனுப்பி, ஊரெல்லாம் சுற்றி வந்த வீடியோ. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலுக்கு நடுவே அவள் குரல் கேட்டது:

“நம்ம கம்பெனியில வருஷத்துக்கு ஒரு நாளு ஆபீசருங்க நம்ம சாம்பல் சட்டயப் போட்டுக்கினு நம்ம க்யூவுல நின்னு சாப்புடுவாங்க. போட்டோ எடுப்பாங்க. ஒரு மணிக்குக் கழட்டிருவாங்க. ஆண்டவரு அப்பிடி வரல. நம்ம சட்டயப் போட்டுப் பாக்க வரல அவரு. கான்ட்ராக்டாவே ஆனாரு.”

“மடிப்புக்கூட கலையலக்கா!” என்று வீடியோவுக்குள்ளிருந்து, கூட வேலை செய்யும் பவளம் கத்தினாள். பெண்கள் சிரித்தார்கள். யாரோ அல்லேலூயா சொன்னார்கள்.

மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. தினேஷ்குமார் அதே கம்பெனியில் பர்சனல் ஆபீசர். இந்த வருஷம் சாம்பல் சட்டை போட்டவர்களில் அவரும் ஒருவர். பத்து மணிக்குப் போட்டு ஒரு மணிக்குக் கழற்றினார். அந்தப் போட்டோ ஃபிரேம் போட்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் தொங்குகிறது. கான்ட்ராக்ட் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடப் போகிற ஒவ்வொருத்தியும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். போட்டோவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

“கர்த்தர கான்ட்ராக்ட்னு சொல்லியிருக்கீங்க. கான்ட்ராக்ட்னா என்ன சிஸ்டர்? பதினோரு மாசம். அப்ப நம்ம ஆண்டவருக்கும் பதினோரு மாசந்தானா? அவர டெம்பரவரின்னு போதிக்கறீங்களா?”

“நான் பதினாலு வருஷமா இருக்கறேன் சார். உங்க ரிஜிஸ்டர்லதான் பதினோரு மாசம்.”

சாந்தம்மா கைப்பையை இன்னும் இறுக்கினாள். பாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

“அய்யா, நான் சொன்னது இதுதாங்க” என்று மாதேஸ்வரி அவர் பக்கம் திரும்பினாள். “அவரு பர்மனென்டு. அதுல சந்தேகமே இல்ல. பர்மனென்ட விடாமலேயே கான்ட்ராக்ட் ஆனாரு. பாதி அது பாதி இதுன்னு கலக்கல. இத வெச்சு அத அழிக்கவும் இல்ல.”

“அது எப்படி ஒரே ஆளு ரெண்டாவும் இருக்க முடியும்?” என்றார் தினேஷ்குமார்.

“எங்க லைன்ல முடியாது சார். அவரால முடிஞ்சுது. அதனாலதான் அவரக் கும்புடறோம்.”

பேராசிரியர் வாயைத் துடைப்பதுபோலக் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். சிரிப்பா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

“எனக்குப் படிப்பெல்லாம் தெரியாது” என்று பெஞ்சிலிருந்து சாந்தம்மா சொன்னாள். “ராஜாதி ராஜான்னு பாடற வாயி நம்மளது. கூலிக்காரன்னு சொன்னா சின்னப் பிள்ளைங்க என்னா நெனைக்கும்?”

“தச்சு வேல கூலி வேலதானேக்கா.”

“அது அந்தக் காலம்.”

பாஸ்டர் மாதேஸ்வரியைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். வண்டி நிறுத்துகிற ஷெட்டில் போய் நின்றாள். உள்ளே தினேஷ்குமாரின் குரல் ஏறி இறங்கியது. பேராசிரியர் குரலும் ஒரு தடவை உயர்ந்தது. பிறகு கேட்கவில்லை. கால் மணி கழித்துக் கூப்பிட்டார்கள். மேசைமேல் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது.

“உங்க பரீட்சையில குறையில்ல” என்றார் பாஸ்டர். நல்ல மனுஷர், யார் மனதும் நோகக் கூடாது என்று நினைப்பவர். அதிலும் முன்வரிசைக்காரர்கள் மனது. “இந்தப் பேச்சு மட்டும் ஒரு உறுத்தலா இருக்குது. நீங்களே ஒரு லெட்டர் எழுதி தலைமை அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்ட்ல போட்டுடுங்க. உங்க கையெழுத்துல, இந்த வாக்கியம் அப்படியே இருக்கணும். வர்ற வெள்ளிக்கிழம லிஸ்ட் போடறாங்க. லெட்டர் போய்ச் சேந்துட்டா லைசென்ஸ் வந்துடும்.”

தினேஷ்குமார் வாசித்தார்: “‘நமது ஆண்டவர் மனித ரூபத்தை எடுத்துக்கொண்டாரேயன்றி, கூலியாளாகவோ, வேறெந்தத் தாழ்ந்த நிலையிலுள்ள மனிதனாகவோ ஆகவில்லை. இதற்கு மாறாக நான் போதித்தது தவறு.’ அவ்வளவுதான்.”

மாதேஸ்வரி அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அவள் கண் ‘ஆகவில்லை’ என்ற ஒரே சொல்லில் போய் நின்றது.

“அய்யா, இது துர்உபதேசங்க.”

“யாரு சொல்றது? நீங்களா?” என்றார் தினேஷ்குமார்.

“பதினெட்டாவது புத்தகம், மூணாவது பாடம். அவரு மனுஷன் மாதிரி வந்தாரு, ஆனா மனுஷன் ஆகலன்னு சொன்னவங்களத்தான் சபை மொதமொதல்ல தள்ளி வெச்சுது. மாம்சம் ‘ஆனார்’னுதான் நம்ம விசுவாசம். மாம்சத்தப் போத்திக்கினு வந்தாருன்னு இல்ல. ஆகலன்னா, அவரு பட்டது வலி இல்ல, நடிப்பு. செத்ததும் நடிப்பு. நான் சொல்லலீங்க, சாரக் கேளுங்க.”

எல்லாரும் பேராசிரியரைப் பார்த்தார்கள். அவர் தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“இந்த ‘ஆகவில்லை’ங்கறது...” என்றார்.

“சொல்லுங்க சார்” என்றார் தினேஷ்குமார்.

அந்த நேரம் பார்த்து டீ வந்தது. தட்டில் மிளகாய் பஜ்ஜியும் இருந்தது. கமிட்டிச் செயலாளர் தன் கையாலேயே ஒரு கப்பை எடுத்துப் பேராசிரியருக்குக் கொடுத்தார். “சர்க்கர இல்லாததுதான் சார், சொல்லி வெச்சிருந்தேன். வண்டியும் வெளிய நிக்குது. அத்திப்பள்ளி டிராஃபிக்குக்கு முன்னாடி போயிடலாம்.”

பேராசிரியர் ஒரு வாய் குடித்தார். கண்ணாடியைத் திரும்ப மூக்கில் இறக்கிக்கொண்டார்.

“வாக்கியத்த ரெண்டு விதமாவும் எடுத்துக்கலாம்” என்றார்.

“பாத்தீங்களா?” என்றார் தினேஷ்குமார்.

அதற்குப் பிறகு பேராசிரியர் அவள் இருந்த பக்கம் பார்க்கவில்லை. பஜ்ஜியைப் பிய்த்து மிளகாயை எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார். தாளை நாலாக மடித்துக்கொண்டு அவள் டவுன் பஸ் பிடித்தாள். துர்உபதேசம் என்றால் தாடி வைத்த யாரோ, தூர தேசத்தில், எந்தக் காலத்திலோ சொன்னது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது சர்க்கரை இல்லாத டீயோடு வரும் என்று இருபத்துநாலு புத்தகத்தில் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து, மத்திகிரி லைன் வீட்டில், பவளம் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் அவள் மாதேஸ்வரிக்கு எதிர் மேசை. வாய் நீளம், கை அதைவிட நீளம், உதவிக்கும் சண்டைக்கும். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“எழுதிப் போட்டுட்டு வேலயப் பாருக்கா. ஒரு வரி.”

“அந்த ஒரு வரிதான்டி எல்லாம்.”

“எல்லாமே ஒனக்கு ஒரு வரியில இருக்குது. எங்களுக்குக் குழியில இருக்குது. நாளைக்கு நான் செத்தா யாரு படிப்பா? சென்னிக்கு ஆன மாதிரி மழயில பொத்துன்னு போடுவீங்களா?”

“உனக்கு இன்னாத்துக்கு இப்ப சாவு?”

“சாவு கேட்டுக்கினு வருமா? சென்னி என்னா லீவு லெட்டரா எழுதிக் குடுத்தா?”

மாதேஸ்வரியும் ஒரு அவரைக்காயை எடுத்து நார் உரித்தாள். பவளம் விடுவதாக இல்லை.

“அந்தாளு மூணு மணி நேரம் நம்ம சட்டயப் போட்டான் இல்ல? நீ ஒரு வரிக்கு அவன் சட்டயப் போடேன். லைசென்ஸ் வந்ததும் கழட்டிரு.”

“போட்டா கழட்ட வராது பவளம். என் கையெழுத்து அங்க ஃபைல்ல இருக்கும். நாளைக்கு எவளாவது என்ன மாதிரி பேசினா, மாதேஸ்வரியே தப்புன்னு ஒத்துக்கிச்சுன்னு என் லெட்டரத்தான் எடுத்துக் காட்டுவாங்க.”

“காட்டட்டும். ஆண்டவரு எவ்ளோ எறங்குனாருன்னு வாரா வாரம் எங்களுக்குச் சொல்ற. மாட்டுக்கொட்டாயில பொறந்தாரு, காலக் கழுவுனாரு, துப்புனத வாங்கிக்கினாரு. நீ ஒரு பொய்யளவு எறங்க மாட்டியா?”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பதினெட்டாம் புத்தகத்திலும் இந்தக் கேள்வி இல்லை.

“எல்லாத்துலயும் நம்ம மாதிரி ஆனாருடி,” என்று மெதுவாகச் சொன்னாள், “பாவம் ஒண்ணத் தவுர. பொய் சொல்ற அளவுக்கு அவரு எறங்கல.”

பவளம் அவரைக்காயைக் கூடையில் போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“ஆமா. அவருக்கும் ஒனக்கும் உள்ள வித்தியாசமே அதானே? அவரு பாவம் பண்ணல, நீ பண்ணலாம். நீ அவரில்லக்கா.”

நாலாக மடித்த தாளை விரித்து வைத்துக்கொண்டு மாதேஸ்வரி மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். பவளம் சமைத்தாள், கூப்பிட்டாள், தட்டை மூடி வைத்துவிட்டுப் போனாள். எழுதாமல் விட்டால் உண்மை தன்னிடம் பத்திரமாக இருக்கும். யாருக்கும் பிரயோஜனம் இல்லாமல், பாலிதீன் கவரில் நனையாமல் இருந்த புத்தகம் மாதிரி. எழுதினால் குழிமேட்டில் நிற்கலாம். நின்று, இந்தப் பெண்களுடைய கையையும் காலையும் கடவுள் எடுத்துக்கொண்டார் என்று வாய் திறந்து சொல்லலாம். ஆனால் அதைச் சொல்ல வருகிறவள், அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளாக இருப்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கசந்தது. ஆறு வருஷம் படித்ததற்குப் பலன் என்னவென்றால், எழுதப் போவது பொய் என்று அட்சர சுத்தமாகத் தெரிந்தது. படிக்காதவளாக இருந்திருந்தால் நிம்மதியாகப் போட்டிருப்பாள்.

நாலு மணிக்குக் கோடு போட்ட தாளை எடுத்தாள். பாரூர் பள்ளியில் கற்றபடி இடது மூலையில் அனுப்புநர், அதன்கீழ் பெறுநர். ஐயா, என்று போட்டுக் காற்புள்ளி வைத்தாள். பொருள்: போதனையில் நேர்ந்த தவறு குறித்து. பார்வை: கமிட்டியின் சனிக்கிழமை நேர்காணல். பிறகு அந்த வாக்கியம். ‘எடுத்துக்கொண்டாரேயன்றி’ வரைக்கும் கை தடங்கல் இல்லாமல் போயிற்று. ‘தாழ்ந்த நிலையிலுள்ள’ என்ற இடத்தில் நின்றது; அப்புறம் போயிற்று. ‘ஆகவில்லை’ என்று எழுதும்போது அடித்தல் வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக, வகுப்பில் பலகையில் எழுதுகிற மாதிரி எழுதினாள். அழகாகத்தான் வந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தாள்; பிறகு திருப்பி மீதியை எழுதினாள்.

இப்படிக்கு என்று போட்டு, அதன்கீழ் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று எழுதி, பெயரெழுதினாள். எந்தக் கடிதம் எழுதினாலும் ஒரு நகல் எடுத்துக் கோப்பில் வைப்பவள், இதற்கு நகல் எடுக்கவில்லை. கமிட்டிக்கு வேண்டுமானால் தலைமை அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

திங்கட்கிழமை அவளுக்கு இரண்டாம் ஷிஃப்ட். பத்து மணிக்குத் தபால் அலுவலகம் போனாள். உறை வாங்கி, முகவரி எழுதி, தாளை உள்ளே வைத்தாள். மேசையில் கட்டியிருந்த பசை டப்பா காய்ந்திருந்தது. விரலால் சுரண்டி எடுத்துத் தடவி, உறையின் நாக்கை மடித்து, இரண்டு கட்டை விரலாலும் ஓரம்வரை நீவி அழுத்தினாள்.

கவுன்ட்டரில் இருந்தவர் உறையைத் தராசில் போட்டார். “உள்ள என்னம்மா?”

“லெட்டர்தாங்க.”

“சாமான் ஒண்ணும் இல்லியே?”

“ஒண்ணியும் இல்ல.”

பார்கோடு ஒட்டினார். முத்திரை குத்தினார். சீட்டைக் கிழித்து அவள் பக்கம் தள்ளிவிட்டு, உறையைப் பின்னாலிருந்த பையில் எறிந்தார். “வியாழக்கிழமைக்குள்ள போயிடும்” என்றார். “அடுத்து யாரு?”